கன்னம் எங்கே கரைகிறது, ஃபில்லர் எங்கே போக வேண்டும்

மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு கைக்கண்ணாடியை முகத்துக்கு நேர் மேலே பிடித்துப் பாருங்கள். பிறகு அதே கண்ணாடியை மேசைமேல் கிடத்தி, அதன்மேல் குனிந்து பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர் என்றால் இரண்டு முகங்களுக்கும் பத்து வயது வித்தியாசம் தெரியும். படுத்திருக்கும்போது கன்னத்துச் சதை காதுப் பக்கம் சரிவதால் மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் கோடு மங்கிவிடுகிறது. குனிந்தால் எல்லாம் முன்னால் தொங்குகிறது.

வயதானால் முகம் தொங்குகிறது, இழுத்துத் தைத்தால் சரியாகிவிடும் என்றுதான் மருத்துவர்களும் நெடுங்காலம் நினைத்தார்கள். ஆனால் நெற்றிப்பொட்டில் விழுந்த பள்ளத்தைப் பாருங்கள். படுத்தாலும் குனிந்தாலும் அது அப்படியேதான் இருக்கும். அங்கே சதை இறங்கவில்லை, வற்றியிருக்கிறது. இப்படி வற்றிய இடத்தை நிரப்ப ஊசியால் ஏற்றும் பொருள்தான் ஃபில்லர்.

முகத்துக் கொழுப்பு ஒரே போர்வையாகப் பரவிக் கிடக்கவில்லை, தனித்தனிப் பொதிகளாகப் பிரிந்திருக்கிறது என்பதை 2007இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் ராட் ரோரிக்கும் ஜோயல் பெஸ்ஸாவும் எடுத்துக்காட்டினார்கள். இறந்தவர்களின் முகத்தில் சாயத்தைச் செலுத்தி, அது எந்த எல்லையில் நிற்கிறது என்று பார்த்தார்கள். ஒரு பொதிக்குள் விட்ட சாயம் அடுத்த பொதிக்குக் கசியவில்லை. இந்தப் பொதிகள் எல்லாம் ஒரே வேகத்தில் முதுமை அடைவதும் இல்லை. கன்னத்தின் ஆழத்தில், எலும்பை ஒட்டி இருக்கும் பொதி சுருங்குகிறது. அதன்மேல் சாய்ந்திருந்த மேல்பொதி தாங்க ஆளில்லாமல் சரிகிறது. எலும்பும் சும்மா இருப்பதில்லை. கண்குழியின் விளிம்பு அகல்கிறது, மேல்தாடை எலும்பு பின்வாங்குகிறது. கூடாரத்தின் நடுக்கம்பு குட்டையானால் துணி தொய்ந்து மடிப்பு விழுவதைப் போல, கீழே நடந்த இழப்பு மேலே கோடாகத் தெரிகிறது.

இதைப் புரிந்துகொண்டால், ஃபில்லர் போட்ட சில முகங்கள் ஏன் செயற்கையாக இருக்கின்றன என்பதும் புரியும். கோடு தெரியும் இடத்திலேயே கோட்டை நிரப்பினால், மூக்கோரம் தடித்து, வாய்ப்பக்கம் கனத்து, குரங்கின் முகவாயை நினைவூட்டும் மேடு உருவாகிறது. கோடு மறைந்திருக்கும், முகமோ மாறிப்போயிருக்கும். தாங்குகோல் போன இடத்தில், அதாவது கன்ன எலும்பின் மேல், சிறிதளவு வைத்தால் கோடு தானாகவே இளகும். கோடு முழுவதும் போகாது, போகவும் கூடாது. சிரிக்கும் குழந்தைக்கும் அந்த மடிப்பு உண்டு.

இன்று பெரும்பாலும் பயன்படும் ஃபில்லர் ஹயலூரானிக் அமில ஜெல். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் பசுவின் கண்ணுக்குள் இருக்கும் கண்ணாடி போன்ற திரவத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். 'ஹயலோஸ்' என்றால் கிரேக்கத்தில் கண்ணாடி. நம் உடம்பிலும் இது உண்டு. 70 கிலோ எடையுள்ள ஒருவரிடம் ஏறத்தாழ 15 கிராம் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கை உடம்பு ஒவ்வொரு நாளும் சிதைத்துப் புதிதாக ஆக்கிக்கொள்கிறது. அப்படியானால் ஊசியில் ஏற்றியதும் ஓரிரு நாளில் கரைந்துவிட வேண்டுமே? இயல்பான வடிவில் ஏற்றினால் அதுதான் நடக்கும். அதனால்தான் தொழிற்சாலையில் அதன் நீண்ட இழைகளை வேதிப்பாலங்களால் ஒன்றோடொன்று பிணைக்கிறார்கள். தனி நூலை அறுப்பது எளிது, வலையாகப் பின்னிவிட்டால் நேரமெடுக்கும். உடம்பின் நொதிகளுக்கும் அப்படித்தான்.

பின்னல் நெருக்கமானால் ஜெல் பொதுவாக விறைப்பாகிறது. அழுத்தினால் எவ்வளவு உருக்குலையாமல் நிற்கும் என்பதை ஆய்வகத்தில் அளந்து சொல்வார்கள். கன்ன எலும்பின் மேலும் முகவாயிலும் விறைப்பான ஜெல் வேண்டும், அங்கே அது எலும்பின் வேலையைச் செய்கிறது. உதட்டுக்கு மென்மையான ஜெல் வேண்டும், பேசும்போதும் சாப்பிடும்போதும் சேர்ந்து வளைய வேண்டும் அல்லவா. உதட்டில் விறைப்பான ஜெல்லை வைத்தால் சும்மா இருக்கையில் அழகாகத் தெரியும், வாயைத் திறந்ததும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆழமும் அதே அளவு முக்கியம். கண்ணுக்குக் கீழே தோல் மிக மெலிது. அங்கே ஜெல்லை மேலோட்டமாக வைத்தால் வெளிர்நீல நிழல் ஒன்று தெரியும். ரத்தக்கட்டு என்று நினைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு, ஆனால் அது வாரக்கணக்கில் போகாது. டிண்டால் விளைவு இது. தெளிவான ஜெல்லில் பட்ட ஒளியில் நீல அலைகள் அதிகம் சிதறி நம் கண்ணுக்குத் திரும்புகின்றன.

ஒரு சிரிஞ்சில் இருப்பது வழக்கமாக 1 மில்லி. தேக்கரண்டி ஒன்றில் 5 மில்லி பிடிக்கும். தண்ணீரை எடுத்து அந்த ஐந்தில் ஒரு பங்கை உள்ளங்கையில் விட்டுப் பாருங்கள், எவ்வளவு குறைவு என்று தெரியும். திறமையானவர்கள் இதையும் பிரித்து, ஓரிடத்தில் 0.1, இன்னோரிடத்தில் 0.2 மில்லி என்றுதான் வைக்கிறார்கள். ஜெல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ஊசி குத்திய வீக்கமும் சேரும். ஆகவே அன்று மாலை தெரியும் முகத்தை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. இரண்டு வாரம் போகட்டும்.

ஹயலூரானிக் ஜெல்லின் மிகப் பெரிய நன்மை, தவறினால் திருப்பிக்கொள்ள முடியும் என்பதே. ஹயலூரானிடேஸ் என்ற நொதியை ஏற்றினால் ஓரிரு நாளில் அது கரைந்துவிடும். 1899இல் வியன்னா அறுவை மருத்துவர் ராபர்ட் கெர்சுனி பாரஃபின் என்ற பெட்ரோலியப் பொருளை உடம்பில் ஏற்றிய காலத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாரஃபின் கட்டிகட்டியாகத் திரண்டு, இடம்மாறி, பலரின் முகத்தைக் கெடுத்தது. எடுக்க வழியில்லை. 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாட்டுக் கொலாஜன் (தோலுக்கு உறுதி தரும் புரதம்) ஃபில்லருக்கு முன்கூட்டியே ஒவ்வாமைச் சோதனை தேவைப்பட்டது, பலனும் சில மாதங்களே. ஹயலூரானிக் ஃபில்லருக்கு அங்கே முதல் அனுமதி 2003இல் கிடைத்தது. உடம்பில் கொலாஜன் உருவாவதைத் தூண்டும் வேறு ஃபில்லர்களும் இப்போது உண்டு, ஆனால் அவற்றை இந்த நொதி கரைக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது என்று நினைக்கிறேன். முகம் ரத்தக்குழாய்களின் காடு. ஜெல் தவறி ஒரு தமனிக்குள் போனால் அது ஊட்டும் தோல் பகுதி பட்டினியாகும். தோல் வெளுக்கும், அல்லது வலைபோல நீலம் பரவும், வலியும் கூடும். மூக்கும் புருவ நடுவும் கூடுதல் ஆபத்தான இடங்கள். அங்குள்ள தமனிகள் கண்ணுக்குப் போகும் தமனியோடு இணைந்தவை. ஊசியின் அழுத்தத்தில் ஜெல் ரத்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் போய், பிறகு ஓட்டத்தோடு முன்னேறி விழித்திரையின் குழாயை அடைத்தால் பார்வை போகும், பெரும்பாலும் திரும்பாது. மிக அரிதுதான். ஆனாலும் இதனால்தான் கைதேர்ந்தவர்கள் சிறிது சிறிதாக, மிக மெதுவாக ஏற்றுகிறார்கள். பல இடங்களில் கூர்ஊசிக்குப் பதில் முனை மழுங்கிய, பக்கவாட்டில் துளையுள்ள கேனுலா என்ற மெல்லிய குழலை எடுக்கிறார்கள். ஹயலூரானிடேஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்பது உங்கள் உரிமை. தோலின் நிறமோ பார்வையோ சட்டென்று மாறினால் மறுநாள் வரை பொறுக்கக் கூடாது, அந்த நிமிடமே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இவ்வளவு கவனமாகச் செய்தும் சில முகங்கள் வருடங்கள் போகப்போக உப்பிவிடுகின்றன. ஆறு முதல் பதினெட்டு மாதத்தில் ஜெல் கரைந்துவிடும் என்று சொல்லப்படுகிறது, ஆனால் எம்.ஆர்.ஐ. படங்களில் சிலருக்கு வருடங்கள் கழித்தும் அது தங்கியிருப்பது தெரிந்திருக்கிறது. பழையது போய்விட்டது என்ற நினைப்பில் புதியது ஏறுகிறது. கண்ணும் பழகிவிடுகிறது. போன மாத முகம்தான் நம் முகம் என்று மனம் எடுத்துக்கொள்வதால், ஒவ்வொரு முறையும் 'இன்னும் கொஞ்சம்' என்றே தோன்றும்.

அதனால் மருத்துவரிடம் போகும்போது பத்து வருடத்துக்கு முந்தைய, பக்கவாட்டில் எடுத்த புகைப்படம் ஒன்றைக் கொண்டுபோவது நல்லது. எந்தப் பள்ளம் முன்பு இல்லை, எது அப்போதே இருந்தது என்று அதில் தெரியும். பிறவியிலேயே ஒடுங்கிய கன்னத்தை அப்படியே விட்டுவிடலாம். ஊசியெல்லாம் முடிந்தபின் நல்ல மருத்துவர் உங்களைச் சிரிக்கச் சொல்வார், பேசச் சொல்வார், பக்கவாட்டிலிருந்து விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார். சிரிக்கும்போது கன்னம் மேலேறி, கண் கீழ்மடலை லேசாகத் தள்ளி, பிறகு பழைய இடத்துக்கே வந்து நிற்கிறதா என்றுதான் அவர் கவனிக்கிறார்.