தைமால் என்னும் ஓம உப்பு

ஓமத்தை விரல்களுக்கிடையே வைத்துக் கசக்கியதும் மூக்கில் ஏறுகிற காரமான மூலிகை மணத்துக்கு முதன்மைக் காரணமான வேதிப்பொருளே தைமால். நிறமற்ற பளிங்காக உறையும் இப்பொருள் ஏறத்தாழ 50 பாகை செல்சியசில் உருகும். லாவெண்டர் போன்ற மூலிகை மணங்களைத் தழுவிய நறுமணக் கலவைகளுக்குக் கூர்மை சேர்க்க இதை மிகச் சிறிதளவே கலப்பார்கள். அளவு மிஞ்சினால் மருந்து நெடி மேலோங்கிவிடும்.

பெயர் தைம் என்ற ஐரோப்பியச் செடியிலிருந்து வந்தது. அச்செடியின் கிரேக்கப் பெயர், வேள்வியில் இட்டுப் புகைத்தலைக் குறிக்கும் வினையோடு தொடர்புடையது என்பர். ஜெர்மானியரான காஸ்பர் நாய்மன் 1719இல் இப்பொருளைத் தைம் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தார். 1853இல் பிரெஞ்சு வேதியியலாளர் லாலமான் தைமால் என்று பெயரிட்டார். ஈற்றிலுள்ள 'ஆல்', மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த தொகுதி உண்டு என்பதைக் காட்டும் வேதியியல் விகுதி.

தமிழில் ஓமம் என்ற சொல் வேள்வியையும் குறிப்பதால், கிரேக்கச் சொல்லோடு முடிச்சுப் போடும் ஆவல் எழுவது இயல்பே. ஆனால் வேள்வியைக் குறிக்கும் ஓமம், வடமொழி ஹோமத்தின் தமிழ் வடிவம். ஒலி ஒன்றாயிருப்பதை மட்டும் வைத்து விதையின் பெயரும் அதிலிருந்தே பிறந்தது என்று முடிவுகட்டுவது பிழை. பெயர் மணத்தை ஒட்டி அமைந்தது என்பதற்கு அதைவிட நம்பத்தக்க சான்று ஓமவல்லி என்னும் பெயரில் இருக்கிறது. கற்பூரவல்லிக்கே வழங்கும் மறுபெயர் அது. அதன் தடித்த இலையில் தைமாலும், அதே அணுக்கள் சற்றே இடம் மாறி அமைந்த கார்வக்ராலும் இருப்பதை வேதியியல் பின்னாளில்தான் கண்டது; இரண்டு செடிகளும் ஒரே மணத்தன என்பதை நம் முன்னோர் முகர்ந்தே அறிந்து பெயரிட்டுவிட்டனர்.

தைமாலுக்கு நாட்டு மருந்துக் கடைகளில் வழங்கும் பெயர் ஓம உப்பு. ஓம உப்பு, புதினா உப்பு (மெந்தால்), கற்பூரம் ஆகிய மூன்றையும் ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுக் குலுக்கினால், துளி நீர் சேர்க்காமலே மூன்றும் இளகித் தெளிந்த நீர்மமாகிவிடும். கலவையின் உருகுநிலை தனித்தனிப் பொருள்களின் உருகுநிலையைவிடத் தாழ்ந்துவிடுவதே காரணம். வேதியியல் நோக்கில் ஓம உப்பு உண்மையில் உப்பன்று, பீனால் என்னும் கரிமச் சேர்ம வகையைச் சேர்ந்த பொருள். எனினும் புதினா உப்பைப் போலவே, பளிங்காய் உறைந்த மணச்சத்தை உப்பு என்பது மருந்துக்கடை வழக்கு. ஆகவே பொது எழுத்தில் ஓம உப்பு என்றே எழுதலாம் என்பது என் துணிபு; புதுச்சொல் புனையத் தேவையில்லை. பாடநூலில் மட்டும், உப்பு என்ற சொல் மாணவரைக் குழப்பும் என்பதால், தைமால் என்றே வைத்துக்கொள்வது நல்லது.