ஒயின் ஆலையை வடிசாலை ஆக்காதீர்கள்

ஆர்மேனியா போய்வந்தவர்கள் தமிழில் எழுதும் கட்டுரைகளிலும் போடும் காணொளிகளிலும் ஒரு வாசகம் சலிக்கச் சலிக்க வருகிறது: “அரேனியில் ஒயின் வடிசாலைக்குச் சுற்றுப்பயணம் போய் மது அருந்தினோம்.” அரேனி என்பது ஒயினுக்குப் பெயர்போன ஆர்மேனிய ஊர். துபாயிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் மூன்று மணி நேரத்தில் விமானம் தலைநகர் யெரெவானில் இறங்கிவிடுகிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பெருநாள் விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகிறார்கள், திரும்பி வந்து எழுதுகிறார்கள், வாசகமும் பரவுகிறது. அதில் வடிசாலை தவறு, சுற்றுப்பயணம் தவறு, அருந்தினோம் என்பதும் தவறு. முதல் தவறுதான் பெரியது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒயின் நமக்கு ஆங்கிலம் வழியாக வந்தது. அதற்குப் பின்னால் லத்தீனின் ‘வீனும்’ (vinum) என்ற சொல் நிற்கிறது. ஆர்மேனியர்கள் கினி என்பார்கள். பழைய வகர ஒலி ஆர்மேனிய மொழியில் ககரமாகத் திரிவது வழக்கம், ஆகவே கினியும் அந்த லத்தீன் சொல்லும் ஒரே வேர்ச்சொல்லின் பிள்ளைகள். ஒயின் செய்யும் இடத்துக்கு அவர்கள் இன்று சொல்வது கினேகோர்ட்சரான், அதாவது கினித் தொழிற்சாலை. அதைவிடப் பழைய சொல் ஒன்று உண்டு: ஹன்ட்ஸான். திராட்சையைப் போட்டு மிதித்துச் சாறு எடுக்கும் இடம் அது. இந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இப்போது வடிசாலைக்கு வருவோம். இலங்கைத் தமிழில் இது நல்ல, நிலைத்த சொல். சாராயம் வடிக்கும் இடம் வடிசாலை. தமிழ்நாட்டில் வடிப்பாலை என்பார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: நொதித்த நீரைக் கொதிக்க வைத்து, ஆவியைக் குளிரச் செய்து, சொட்டுச் சொட்டாக இறக்கும் இடம். சித்த மருத்துவத்தில் ஓமத் தீநீரை வாலை என்னும் வடிகலத்தில் இறக்குவதும் இதே முறைதான். ஒயினுக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை. திராட்சையை நசுக்கி, சாற்றை நொதிக்க விட்டு, தெளிய வைத்து எடுத்தால் ஒயின். அடுப்பும் கிடையாது, ஆவியும் கிடையாது.

வடித்தல் என்றால் வடிகட்டுவதும்தானே, சோறு வடிக்கவில்லையா, கஞ்சி வடிக்கவில்லையா, ஒயினையும் வடிகட்டத்தானே செய்கிறார்கள் என்று வடிசாலைக்காரர்கள் கேட்கிறார்கள். கேள்வி சரிதான், ஆனால் வினைச்சொல்லின் எல்லாப் பொருளும் அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல்லுக்குத் தானாக வந்துவிடாது. வடிசாலை என்று கேட்ட யாருக்கும் சோற்றுப்பானை நினைவுக்கு வருவதில்லை, சாராயம்தான் வருகிறது. ஒரு சொல் ஓர் இடத்தில் உறுதியாக உட்கார்ந்துவிட்ட பிறகு, அகராதியைக் காட்டி அதை வேறு வேலைக்கு இழுப்பது மொழிக்குச் செய்யும் உதவி ஆகாது. பிராந்தி ஒயினிலிருந்துதானே வருகிறது, இரண்டும் ஒரே தொழில்தானே என்றும் சிலர் சொல்கிறார்கள். கருப்பட்டி பதநீரிலிருந்துதான் வருகிறது. அதற்காகப் பதநீர் இறக்கும் பனங்காட்டைக் கருப்பட்டி காய்ச்சும் கொட்டகை என்று யாராவது சொல்வோமா?

வேறு எந்த நாட்டையும் விட ஆர்மேனியாவைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாடு முக்கியம். ஏனென்றால் அங்கே இரண்டும் இருக்கின்றன, பயணிகள் இரண்டையும் பார்க்கிறார்கள். யெரெவானில் ஹ்ராஸ்தான் ஆற்றுக்கு மேலே குன்றின் மீது அராரத் பிராந்தி தயாரிக்கும் நிறுவனம் நிற்கிறது. அதன் தொடக்கம் 1887. அது அசல் வடிசாலை: ஒயினை வாலையில் ஏற்றி இறக்கி, ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைத்து எடுக்கிறார்கள். மறுநாள் வண்டியில் தெற்கே போனால் கோர் விராப் மடம், அப்புறம் வயோத்ஸ் ட்ஸோர் மாகாணத்தில் அரேனி, அதை அடுத்து நோராவாங்க் மடம். அரேனியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் இருப்பவை ஒயின் செய்யும் இடங்கள். முதல் நாள் பார்த்ததற்கும் மறுநாள் பார்த்ததற்கும் வடிசாலை என்றே எழுதினால், படிக்கிறவர் எதைத் தெரிந்துகொள்வார்? நாற்பது சதவீதச் சாராயம் உள்ளதும், பதின்மூன்று பதினான்கு சதவீதம் உள்ளதும் ஒன்றாகிவிடுகிறது.

இந்தக் குழப்பத்துக்கு வரலாறும் துணை போகிறது. சோவியத் காலத்தில் ஜார்ஜியாவுக்கு ஒயின், ஆர்மேனியாவுக்குப் பிராந்தி என்று பங்கு பிரித்துவிட்டார்கள். விளைந்த திராட்சையில் பெரும்பகுதி வாலைக்குப் போயிற்று. ஆர்மேனியா என்றாலே பிராந்தி என்ற பெயர் அப்படி வந்தது. ஒயின் மறுபடி தலையெடுத்தது 2000க்குப் பிறகுதான். அந்தப் பிராந்தியை உள்ளூரில் கோன்யாக் என்றே சொல்வார்கள். அது பிரான்சின் ஓர் ஊர்ப்பெயர் என்பதால், ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2017இல் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் அந்தப் பெயரைப் படிப்படியாகக் கைவிட ஆர்மேனியா ஒப்புக்கொண்டது. ஒரு பெயருக்காக நாடுகள் இத்தனை பேசுகின்றன. நாம் ஒரு நிமிடம் யோசித்து எழுதக் கூடாதா?

சரி, எதைச் சொல்வது? என் வாக்கு ஒயின் ஆலைக்கு. ஆலை என்றால் புகைபோக்கியும் சங்கும் உள்ள தொழிற்சாலை, திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் இடத்துக்கு அது பொருந்தாது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் பழமொழியை மறந்துவிட்டார்கள். ‘ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்றபோது ஆலை எது? கரும்பைப் பிழிந்து சாறு எடுக்கும் பொறி. நூற்பாலை, பஞ்சாலை எல்லாம் பிறகு வந்தவை. தமிழ் வேதாகமத்தில் ஏசாயா, “நான் ஒருவனாய் ஆலையை மிதித்தேன்” என்கிறது. அந்த ஆலை திராட்சை மிதிக்கும் தொட்டி. ஆர்மேனியரின் ஹன்ட்ஸானுக்கு இதைவிடச் சரியான தமிழ்ச் சொல் கிடைக்காது.

அந்த ஆலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அரேனி ஊருக்குப் பக்கத்தில் உள்ள குகைக்கே போகலாம். அங்கே 2007இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்ததை 2011இல் உலகுக்கு அறிவித்தார்கள். சுமார் ஒரு மீட்டர் அகலத்துக்குக் களிமண் பூசிய ஆழமில்லாத ஒரு தொட்டி. விளிம்பு உயர்ந்திருக்கிறது, தரை ஒரு பக்கமாகச் சரிகிறது. சரிவின் முடிவில் அறுபது சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சாடி நிலத்தில் பதிந்திருக்கிறது. காலால் மிதித்தால் சாறு வழிந்து சாடிக்குள் இறங்கும், அங்கேயே நொதிக்கும். சுற்றிலும் திராட்சை விதைகள், நசுங்கிய தோல்கள், காய்ந்த கொடிகள். மண்ணோட்டில் ஒட்டியிருந்த கறையில் சிவப்புத் திராட்சையின் நிறப்பொருளான மால்விடின் இருந்தது. காலம் சுமார் பொ.மு. 4100. ஆறாயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்த இடத்தை ஒரு தமிழ்க் காணொளி ‘உலகின் பழைமையான வடிசாலை’ என்று அறிமுகம் செய்தபோது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. மிதித்துப் பிழிந்த அடையாளம் கண் முன்னே இருக்கிறது. வாலை எங்கே இருக்கிறது?

ஒயின் என்ற சொல்லையே ஏற்காதவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். மது ஆலை என்றால் பீரும் அடங்கும், ரம்மும் அடங்கும். மது வடமொழியில் தேனாகவும் இருந்த சொல், இன்று எல்லா மதுபானத்துக்கும் பொது. தமிழ்நாட்டில் வேறொரு கோளாறும் உண்டு: ஒயினே கிடைக்காத கடைக்கும் ஒயின் ஷாப் என்று பெயர். அதனால்தான் நம் காதில் ஒயின் என்றால் சாராயம் என்று விழுகிறது, எழுதுகிறவர் கை தானாக வடிசாலைக்குப் போகிறது. திராட்சரசம் வேதாகமத்தில் அழகாக இருக்கிறது, ஆனால் நொதிப்பதற்கு முன்பும் ரசம், நொதித்த பின்பும் ரசம் என்றால் ஒயின் ஆலையில் எதைப் பிரித்துச் சொல்வது? கொடிமுந்திரிச் சாறு என்கிறார்கள் தனித்தமிழ் அன்பர்கள். திராட்சை வடசொல், கொடிமுந்திரி தமிழ், ஒப்புக்கொள்கிறேன். இன்றைய வாசகருக்கு முந்திரி என்றால் பாயசத்தில் போடுவது. அவரைக் குழப்பிக் கிடைக்கும் தூய்மை எனக்கு வேண்டாம்.

தூய தமிழே வேண்டும் என்றால் தேறல் இருக்கிறது. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த ‘தண்கமழ் தேறல்’ புறநானூற்றில் (56) வருகிறது, பாண்டியன் நன்மாறனைப் பாடிய பாட்டில். தேறுதல் என்றால் தெளிதல். கசடு அடியில் தங்க, மேலே தெளிந்ததை எடுப்பது ஒயின் செய்வதில் பாதி வேலை. வேரும் பொருந்துகிறது, கடல் கடந்து வந்த ஒயினுக்கு நம் முன்னோர் சொன்ன பெயராகவும் இருக்கிறது. தேறல் ஆலை என்று எழுதினால் மகிழ்ச்சி. தேறலகம் மட்டும் வேண்டாம். உணவகம், மருந்தகம், அழகுநிலையம் என்று எதைப் பார்த்தாலும் ஓர் அகமோ நிலையமோ ஒட்டும் பழக்கம், அங்கே என்ன வேலை நடக்கிறது என்பதை மறைத்துவிடுகிறது. ஆலை அதைச் சொல்கிறது.

சுற்றுப்பயணம் என்பது ஊர் ஊராகப் போவது, அமைச்சர்கள் மேற்கொள்வது. ஓர் ஆலைக்குள் ஒரு மணி நேரம் நடப்பது சுற்றிப் பார்ப்பது. அவ்வளவுதான். தோட்டத்தைப் பார்த்து, நொதிகலன்களைப் பார்த்து, கீழே நிலவறைக்கு இறங்குவார்கள். அதைப் பாதாள அறை என்று எழுதுகிறவர்கள் அங்கே யாரையோ அடைத்து வைத்தது போல ஆக்கிவிடுகிறார்கள். நிலவறை என்ற சொல் எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

கடைசியில் மேசைக்கு வந்தால் ஒவ்வொரு கோப்பையிலும் இரண்டு மூன்று வாய்தான் ஊற்றுவார்கள். வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பது, சுழற்றி மணம் பார்ப்பது, பிறகு ஒரு வாய் நாக்கில் வைத்துப் பார்ப்பது. கருப்பு அரேனித் திராட்சை ஒயினில் புளிப்புச் செர்ரியும் கொஞ்சம் மிளகும் தெரிகிறதா, வெள்ளை வோஸ்கெஹாத் திராட்சை ஒயினில் பூமணம் வருகிறதா என்று கவனிப்பார்கள். இடையில் லவாஷ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும். விழுங்காமல் துப்ப வாளியும் இருக்கும். துப்பிவிட்டு வருகிறவரையும் ‘மது அருந்தினார்’ என்று எழுதலாமா? சுவைப் பரிசோதனை, சுவை மதிப்பீடு என்றெல்லாம் உருவாக்கியவை ஆய்வுக்கூடத்தை நினைவூட்டுகின்றன. நம்மிடம் சுவை பார்த்தல் இருக்கிறது, ருசி பார்த்தல் இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்த செய்தி, ஆர்மேனியரும் இதையே சொல்கிறார்கள் என்பது. அவர்கள் சொல் ஹம்தேஸ்: ஹம் என்றால் சுவை, தேஸ் என்பது பார்த்தலின் வேர். நாக்கு செய்யும் வேலையைக் கண்ணின் வினையால் சொல்வது இரண்டு மொழிக்கும் இயல்பாக இருக்கும்போது, மொழிபெயர்ப்பவர் எதற்கு ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்?

கராஸ் மட்டும் மிச்சம். ஒயின் நொதிக்கவும் முதிரவும் ஆர்மேனியர் பயன்படுத்தும் மண்கலம் அது. உள்ளே தேன்மெழுகு பூசி, பாதியோ முழுவதுமோ மண்ணில் புதைப்பார்கள். யெரெவான் நகரத்தின் ஓரத்தில் உள்ள கார்மிர் ப்ளூர் என்ற, பழைய உரார்த்து அரசின் கோட்டையில், களஞ்சிய அறைகளில் நூற்றுக்கணக்கான கராஸ்கள் வரிசையாகப் புதைந்தபடியே கிடைத்தன. தமிழில் இதை மண்பானை என்கிறார்கள். சில நூறு லிட்டரில் தொடங்கி ஆயிரத்துக்கு மேலும் கொள்ளும் கலம் பானை ஆகாது. தாழி என்று எழுதுங்கள், கராஸ் தாழி என்று சேர்த்தும் எழுதலாம்.