தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் இல்லை: ஆப்பிரிக்க சிக்லிட் மீன் வாங்கப்போகிறவர்களுக்கு

"டாக்டர், தொட்டி வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மஞ்சள் மீன் செத்துவிட்டது. நீலம் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. என்ன மருந்து போடலாம்?"

மீன்களுக்கு வைத்தியம் பார்ப்பது என் தொழில். இப்படிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அம்மோனியா எவ்வளவு இருக்கிறது, அளந்தீர்களா? அதற்கு வரும் பதிலும் மாறுவதே இல்லை. "தண்ணீர் ரொம்பத் தெளிவாக இருக்கிறது டாக்டர்." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மோனியா மீனின் கழிவிலிருந்து வரும் விஷம். அதற்கு நிறம் கிடையாது. மீனைக் கொல்லும் அளவுக்கு அது தண்ணீரில் இருந்தாலும் உங்கள் மூக்குக்குத் தெரியாது. லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் கலந்த தண்ணீரையும் நல்ல தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், என்னாலும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. சொல்லப்போனால், புதுத் தொட்டியில் சில நாள் வெண்மையாகக் கலங்குவது பெரும்பாலும் தானாகத் தெளிந்துவிடும். அந்தக் கலங்கலைப் பார்த்துப் பயந்து முழுத் தண்ணீரையும் கொட்டி, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவி, கல்லையெல்லாம் தேய்த்து வைக்கிறார்கள். தொட்டி பளபளவென்று ஆகிறது. மீன் சாகிறது. கழுவிக் கொட்டியது அழுக்கு மட்டும் இல்லை. மீனின் கழிவை விஷமில்லாமல் மாற்றித் தரும் பாக்டீரியாவும் அதோடு போய்விட்டது. அவை தண்ணீரில் மிதப்பதில்லை, பஞ்சிலும் கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழ்கின்றன. தெளிவு என்பது உங்கள் கண்ணுக்கு. மீனின் செவுளுக்கு வேண்டியது வேறு.

அடுத்து, "சிக்லிட் முரட்டு மீன், எதையும் தாங்கும்" என்று சொல்லி விற்கிறார்கள். சண்டையில் முரடுதான். அம்மோனியா விஷயத்தில் மற்ற மீன்களைவிட ஆபத்தில் இருப்பதே இவைதான். இவற்றின் தாயகமான ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு) ஏறக்குறைய 7.7 முதல் 8.6 வரை. டாங்கனீக்கா ஏரியில் அது 9-ஐத் தொடும். அளந்து பார்க்கும் மொத்த அம்மோனியாவில் ஒரு பகுதிதான் கடும் விஷம், அந்தப் பகுதி பிஎச் ஏற ஏறப் பெருகும். 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7-இல் அது நூற்றில் அரைப் பங்கு. 8-இல் ஐந்து பங்கு. 8.5-இல் பதினைந்து பங்கு. அதாவது, வேறு மீன்கள் எப்படியோ சமாளித்துவிடும் அதே அளவு அம்மோனியா, சிக்லிட் தொட்டியில் செவுளைப் பொசுக்கிவிடும்.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். இந்தப் பாக்டீரியா பெருகும்வரை மீன் இல்லாமல் தொட்டியை ஓட்டுங்கள். தண்ணீர் நிரப்பி, குளோரின் நீக்கும் மருந்து விட்டு, ஃபில்டரைப் போட்டு, சோப்பும் வாசனையும் கலக்காத அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் வருமாறு சேருங்கள். அப்புறம் சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டால் அளந்துகொண்டே வாருங்கள். பாக்டீரியா வேலை செய்யத் தொடங்கினால், முதலில் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும், இதுவும் விஷம்தான். பிறகு நைட்ரைட்டும் இறங்கி, அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட் ஏறும். நீங்கள் சேர்த்த 2 மில்லிகிராமும் 24 மணி நேரத்தில் காணாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்யமாகக் காட்டினால் தொட்டி தயார். பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஃபில்டர் பஞ்சு கிடைத்தால் சீக்கிரமே முடியும். "தண்ணீரை ஒரு நாள் அப்படியே வைத்துவிட்டு மீன் போடுங்கள்" என்று சொல்பவர் குளோரினைப் பற்றித்தான் சொல்கிறார், பாக்டீரியாவைப் பற்றி இல்லை.

தயாரான பிறகும் ஃபில்டர் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். "இரவில் சத்தம்" என்று ஃபில்டரை அணைக்கவும் வேண்டாம்.

தொட்டியின் அளவு, கல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலாவியின் பாறைகளுக்கு நடுவே வாழும் ம்புனா வகை சிக்லிட்களுக்கு நான்கு அடி நீளமும் 200 லிட்டரும் குறைந்தபட்சம். முதலில் கல், பிறகு மணல். மணல்மேல் அடுக்கிய கல்லின் அடியை இந்த மீன்கள் தோண்டிவிடும், கல் சரிந்து கண்ணாடி உடையும். ஒளிய நிறைய பொந்து வேண்டும். ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது வேண்டும். ஆராட்டஸ் என்ற ம்புனாக் குட்டியின் மஞ்சள் கோடுகளைப் பார்த்து மயங்காதீர்கள். வளர்ந்த ஆண் தொட்டியில் பாதிப் பேரைக் கொன்றுபோடும். மலாவி, டாங்கனீக்கா, விக்டோரியா ஆகிய மூன்று ஏரி மீன்களையும் "எல்லாம் ஆப்பிரிக்காதானே" என்று ஒரே தொட்டியில் போடுவதும் வேண்டாம். சங்குக்குள் குடியிருக்கும் டாங்கனீக்காவின் மல்டிஃபாஸ்கியேட்டஸ் ஐந்து சென்டிமீட்டர்கூட வளராது. அதை ம்புனாவோடு விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஏரிகளின் தண்ணீர் காரமானது, உண்மை. அது கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட்டால் வருவது. சமையல் உப்பைக் கைநிறைய அள்ளிப் போட்டால் அது மலாவி ஆகாது. பவளத் துகளோ அரகோனைட் மணலோ போட்டால் போதும். நைட்ரைட் ஏறிய அவசரத்தில் மட்டும் கொஞ்சம் உப்பு உதவும், ஏனென்றால் அதிலுள்ள குளோரைடு நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கிறது. அது சிகிச்சை, தினசரிப் பழக்கம் இல்லை.

டிராஃபியஸ், டெமசோனி போன்ற சிக்லிட்கள் பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்பவை, குடல் நீளம். அவற்றுக்கு மாட்டு இதயமும் புழுவும் போட்டுக் கொழுக்கவைத்து, வயிறு உப்பி, தீனியை எடுத்துத் துப்பி, வெள்ளை நூலாக மலம் போகும்போது என்னைத் தேடி வருகிறார்கள். அந்தக் கட்டத்தில் பாதியைக் காப்பாற்றினாலே பெரிது. ஆனால் ஒரு பெண் மீன் தாடை புடைத்து, சாப்பிடாமல், ஓரமாக நின்றால் உடனே மருந்தை ஊற்றிவிடாதீர்கள். ம்புனா தன் முட்டையையும் குஞ்சையும் மூன்று வாரம்போல வாயிலேயே வைத்திருக்கும். அவளை நிம்மதியாக விடுங்கள்.

பல மாதம் தண்ணீர் மாற்றாத தொட்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அதில் பிஎச் மெல்ல இறங்கியிருக்கும், அம்மோனியா விஷமற்ற வடிவில் சேர்ந்து கிடக்கும். "சிக்லிட்டுக்குக் காரம் வேண்டுமே" என்று சமையல் சோடாவைக் கொட்டினால் அதன் விஷப் பகுதி சட்டென்று பல மடங்காகி, காலைக்குள் தொட்டி காலி. முதலில் சிறிது சிறிதாகத் தண்ணீர் மாற்றுங்கள். பிஎச்சை அப்புறம் பார்க்கலாம்.

சரி, புதுத் தொட்டியில் மீன் இப்போதே மூச்சு வாங்குகிறதா? தீனியை நிறுத்துங்கள். ஏர் பம்பைப் போடுங்கள். பாதித் தண்ணீரை, குளோரின் நீக்கி, அதே வெப்பத்தில் மாற்றுங்கள். ஆன்டிபயாட்டிக் வேண்டவே வேண்டாம், மிச்சமிருக்கும் பாக்டீரியாவையும் அது கொன்றுவிடலாம். என்னைப் போன்ற ஒருவரிடம் வருவதானால், ஒரு சுத்தமான பாட்டிலில் தொட்டித் தண்ணீர் கொண்டு வாருங்கள். இறந்த மீனை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்த செவுளில் நுண்ணோக்கிக்கு உருப்படியாக எதுவும் தெரியாது. பாலித்தீன் பையில் போட்டு ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து, செத்த சில மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள்.