ஃபேஸ்புக்: முகநூலா, புதுமுக ஏடா?

ஃபேஸ்புக் என்றதும் கை தானாகக் கைபேசியைத் தேடும். ஆனால் அமெரிக்கக் கல்லூரிகளில் வெகுகாலம் இந்தச் சொல் ஓர் அச்சுப் புத்தகத்தைத்தான் குறித்தது. முதலாண்டில் சேர்பவர்களின் படமும் பெயரும் அடங்கிய ஏடு அது. ஹார்வர்டில் அட்டையில் இருந்த பெயர் 'ஃபிரெஷ்மேன் ரெஜிஸ்டர்', பேச்சில் ஃபேஸ்புக்.

பக்கத்தைத் திறந்தால் தபால்தலையைவிடச் சற்றே பெரிய கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசையாக இருக்கும். கீழே பெயர், சொந்த ஊர், படித்த பள்ளி. படம் அனுப்பாதவருக்கு வெற்றுக் கட்டம். அந்தக் காலத்தில் சில இடங்களில் கல்லூரியே கொடுத்துவிடும். சில இடங்களில் காசு கட்டி வாங்க வேண்டியிருந்தது. வாங்கியதில் பலன் உண்டா? முதல் இரண்டு வாரம் நேற்றுப் பேசியவள் பெயரைக் கண்டுபிடிக்க உதவும். அப்புறம் எல்லோரும் பழகிவிடுவார்கள், ஏடு தூசி படியும். என்னைக் கேட்டால், அறைத்தோழனிடம் இரவல் வாங்கியிருந்தாலே போதும். முப்பது வருடம் கழித்துப் புரட்டத்தான் அது விலைமதிப்புள்ளது.

இந்த ஏட்டை இணையத்துக்குக் கொண்டுபோனதும் ஹார்வர்ட் மாணவர்கள்தான். 2003 அக்டோபரில் மார்க் சக்கர்பெர்க் விடுதிகளின் ஃபேஸ்புக் படங்களைக் கேட்காமலே எடுத்து, இருவரில் யார் அழகு என்று வாக்களிக்க வைக்கும் 'ஃபேஸ்மாஷ்' தளத்தை நடத்தி வம்பில் மாட்டினார். 2004 பிப்ரவரி 4 அன்று 'தி ஃபேஸ்புக்' வந்தது. அடுத்த ஆண்டு 'தி' உதிர்ந்தது. 2006 செப்டம்பரில் 13 வயது நிரம்பிய எவரும் சேரலாம் என்றானது.

தமிழில் 'முகநூல்' நிலைத்துவிட்டது. முகப்புத்தகம் என்று எழுதுவோரும் உண்டு. நிறுவனப் பெயரை மொழிபெயர்க்கலாமா என்ற சண்டை தனி. ஆப்பிள் பழத்துக்குக் குமளி என்று தமிழ்ப்பெயர் இருந்தும், ஆப்பிள் கணினியைக் குமளிக் கணினி என்று யாரும் சொல்வதில்லையே!

சரி, அந்த அச்சுப் புத்தகத்துக்கு என்ன பெயர்? அதற்கு 'நூல்' பொருந்தவில்லை. நூல் ஒருவர் இயற்றுவது. இதுவோ பெயர்களின் வரிசை. அதற்கு நம்மிடம் 'ஏடு' இருக்கிறது: பதிவேடு, பேரேடு, குறிப்பேடு. ஏடு பனையோலையில் பிறந்த சொல். ஆங்கில 'புக்'கையும் பீச் (beech) மரத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம்.

'முகவேடு' என்று சேர்த்தால் சிக்கல். பானையின் வாயில் துணி கட்டுவதை வேடு கட்டுதல் என்பார்கள்; முகத்துக்குக் கட்டிய துணி போல ஒலிக்கும். என் தேர்வு 'புதுமுக ஏடு'. தமிழில் முகம் என்பது மூஞ்சி மட்டுமா? முகப்பு, முகவுரை, முகத்துவாரம் எல்லாம் நுழைவாயில்கள்தான். பிளஸ் டூ வருவதற்கு முன் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த பி.யூ.சி.க்காரர்கள் படித்ததும் 'புகுமுக வகுப்பு'. புதிதாக வந்தவரைப் புதுமுகம் என்று சினிமாக்காரர்கள் ஏற்கெனவே பழக்கிவிட்டார்கள். "புதுமுக ஏட்டுல உன் படத்தையே காணோம்?" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறவில்லை.