கேட்ச்மென்ட் – நீர்ப்பிடிப்புப் பகுதி

தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் ஊட்டிப் பக்கம் தினமும் காதில் விழும் சொல் கேட்ச்மென்ட். 'கேட்ச்மென்ட்ல நல்ல மழை, அப்பர் பவானி டேம் ரொம்பிடும்' என்பார்கள். செய்தியில் அதுவே நீர்ப்பிடிப்புப் பகுதி.

எந்த நிலத்தில் விழுந்த மழை வழிந்தும் கசிந்தும் ஓடைகளாகக் கூடியும் ஓர் அணைக்கு வந்து சேருமோ, அந்த நிலம் மொத்தமும் அந்த அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதி. அவலாஞ்சி, எமரால்டு அணைகளுக்கு மேலே உள்ள சோலை, புல்வெளி, சதுப்பு, சீகை (வாட்டில்) மரக் காடு, காய்கறித் தோட்டம், ரோடு எல்லாமே இதில் அடக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அதை வாங்கிக் கீழே அனுப்பியது இந்த நிலம்தான்.

ஆங்கில 'கேட்ச்' பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. அங்கே 'காப்தாரே' என்றால் பிடிக்க முயல்வது. தமிழில் அதை 'பிடிப்பு' என்று பெயர்த்தது நன்றாகவே பொருந்துகிறது, குழாயடியில் நாம் தண்ணீர் பிடிக்கத்தானே செய்கிறோம்.

சிக்கல் வேறு இடத்தில். ஏரி ஆக்கிரமிப்புச் செய்திகளில் ஏரிக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தையும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்றே எழுதுகிறார்கள். அதற்கு 'உள்வாய்' என்று அருமையான பழைய சொல் இருக்கிறது, அணை என்றால் நீர்ப்பரப்பு எனலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், நீர்ப்பிடிப்பைக் காப்பது என்றாலே தூர்வாருவது என்று ஆகிவிடும், மேலே சரிவில் நடப்பது யார் கண்ணிலும் படாது. சோலைக்குள் கால் வைத்துப் பாருங்கள், மக்கிய இலையும் கறுப்பு மண்ணுமாக மெத்தென்று அமுங்கும், மழை விட்டு நாளான பிறகும் அதன் அடியிலிருந்து ஓடை தெளிவாகக் கசிந்துகொண்டே இருக்கும். கொத்திப் போட்ட சரிவிலோ மழை பெய்த கையோடு செந்தண்ணீர் இறங்கி, மண்ணை அணையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அப்புறம் எத்தனை முறை தூர்வாரினால் என்ன?

சின்ன அளவில் ஓர் ஓடைக்கு மட்டும் சொல்லும்போது அரசு வழக்கில் 'நீர்வடிப்பகுதி' என்கிறார்கள். முழு ஆற்றுக்குமானது வடிநிலம்.

எல்லையைத் தீர்மானிப்பது மலைமுகடு, மாவட்டக் கோடு கிடையாது. முக்குருத்திப் பக்கம் பிறக்கும் பைக்காரா, மாயாறாகி முதுமலை ஓரமாகப் போய் பவானிசாகரில் விழுகிறது. பவானியோ கேரளத்து அட்டப்பாடிக்குள் போய்த் திரும்பி, பில்லூர், மேட்டுப்பாளையம் வழியாக அதே அணைக்கு வருகிறது. அதனால் பவானிசாகரின் நீர்ப்பிடிப்பில் கேரளமும் உண்டு. ஆனால் கூடலூர்ப் பக்கத்துப் பாண்டியாறு மேற்கே சாலியாற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது, அந்தச் சரிவில் எவ்வளவு மழை பெய்தாலும் பவானிசாகருக்குச் சொட்டு வராது.