தூள் கேட்கும் முன் பாத்திரத்தைச் சொல்லுங்கள்

போன மாதம் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா எங்கள் மில்லுக்கு வந்தார். கோலாலம்பூரில் வேலை செய்யும் மகன் வாங்கிக் கொடுத்த மோக்கா பாத்திரத்தை (அடுப்பில் வைத்தால் அடித் தண்ணீர் நீராவி அழுத்தத்தில் தூள் வழியே மேலேறிக் காப்பியாகும் பாத்திரம்) துண்டில் சுற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார். "தம்பி, உங்க காப்பித் தூள் சரியில்ல. ஒரே கசப்பு. நாலு கரண்டி டின் பால் ஊத்தினாத்தான் உள்ள இறங்குது."

பாத்திரத்தைத் திருகித் திறந்தேன். நடுக் கிண்ணத்தில் தூள் களிமண்ணாய் இறுகிக் கிடந்தது. மாவு போல அரைத்த தூள். போதாததற்குக் கரண்டியால் அழுத்தியும் வைத்திருக்கிறார். தப்பு அவருடையது இல்லை. எதில் போடப் போகிறார் என்று கேட்காமலே அரைத்துக் கொடுத்தது நாங்கள்தான்.

பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மசாலாவும் காப்பியும் அரைக்கும் எங்களிடம் வருகிற பத்துப் புகாரில் பாதிக்கு மேல் கொட்டையின் குறை இல்லை, அரைவையின் குறை. தூள் நைசாக இருந்தால் தண்ணீர் படும் பரப்பு கூடும், சாறு சீக்கிரம் இறங்கும். முதலில் வருவது புளிப்பும் மணமும், அப்புறம் இனிப்பு, கடைசியில் கசப்பு. ஆகவே தண்ணீரும் தூளும் எவ்வளவு நேரம் சேர்ந்திருக்கின்றனவோ, அதற்கேற்பத் தூள் பருமனாக வேண்டும். கசந்தால் கொஞ்சம் பருமனாக அரையுங்கள். புளித்து, தண்ணியாக இருந்தால் நைசாக்குங்கள்.

ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையில் தேய்த்துப் பாருங்கள். கோதுமை மாவைவிடத் துளி நறநறப்பாக இருந்தால் எஸ்பிரசோ மெஷினுக்கு; அங்கே 9 பார் அழுத்தத்தில் 25, 30 விநாடியில் வேலை முடிந்துவிடும். மோக்காவுக்கு அதைவிடக் கொஞ்சம் பருமன், பொடி உப்பு போல. சீனி போல நறநறத்தால் நம் வீட்டுத் துணி வடிகட்டிக்குப் பொருந்தும். உடைத்த மிளகு அளவென்றால் பிரெஞ்சு பிரெஸ், அதாவது தூளை ஊறவைத்துக் கம்பி வலையால் அழுத்தி வடிக்கும் ஜாடி. 4 நிமிடம் ஊறட்டும். ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பவர்களுக்கும் இதே பருமன்தான்.

கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத கடைக் காப்பி, போடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே கடைக் காப்பிக்குக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுப்பார்கள். கருகிய சீனிப் பூச்சில் ஏற்கெனவே கசப்பு இருக்கிறது. அதை நைசாக அரைத்தால் கசப்பு தூக்கலாகும், துணியும் அடைத்துக்கொள்ளும்.

பித்தளை பில்டர் வைத்திருப்பவர்கள் சொட்டைக் கவனியுங்கள். நிதானமாகச் சொட்டி, 15, 20 நிமிடத்தில் டிகாஷன் இறங்கினால் அரைவை சரி. இரண்டே நிமிடத்தில் மளமளவென்று கொட்டினால் பருமன் கூடிவிட்டது. சொட்டே விழாமல் மேல்பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தால் நைசு கூடிவிட்டது. சிக்கரி கலந்த தூள் தண்ணீரைப் பிடித்து உப்பும். அதைத் துளி பருமனாகவே கேட்டு வாங்குங்கள்.

மோக்காவில் ருசி மட்டுமில்லை, பாதுகாப்பும் பார்க்க வேண்டும். தூளை அழுத்தினால் நீராவிக்கு வழி அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறும். அடிப்பாத்திரத்தின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன வால்வு அந்த ஆபத்துக்காகத்தான். தண்ணீர் அதற்குக் கீழேயே நிற்க வேண்டும்.

மிக்சியில் அரைப்பது எனக்குச் சம்மதமில்லை. பிளேடு கொட்டையை வெட்டித் தள்ளுகிறது. ஒரே கரண்டியில் மாவும் இருக்கும், குருணையும் இருக்கும். மாவு கசக்கும், குருணை புளிக்கும். கையால் சுற்றும் சின்ன பர் கிரைண்டர், இரண்டு பற்சக்கரம் அரைப்பது, அதைவிட எவ்வளவோ மேல்.

சீனி கலந்த டின் பால் விஷயத்தை நான் சும்மா விட முடியாது. 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. தப்பான அரைவையின் கசப்பை மறைக்க ஒரு நாளைக்கு மூன்று வேளை சீனி ஊற்றுவது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கொலஸ்ட்ரால் உள்ளவர்களும் கேளுங்கள்: கொலஸ்ட்ராலைக் கூட்டும் காப்பி எண்ணெயைப் பிரெஞ்சு பிரெஸ்ஸின் கம்பி வலை தடுக்காது, காகித வடிகட்டி தடுக்கும்.

அக்காவுக்கு 100 கிராம் புதிதாக அரைத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. இப்போது ஒவ்வொரு பையிலும் பாத்திரத்தின் பெயரையும் அரைத்த தேதியையும் பேனாவால் எழுதுகிறோம். நம் ஈரக் காற்றில் தூள் சீக்கிரம் மணம் இழக்கும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.