கூகோல்: வேர் தேடினால் கிடைக்காத சொல்

ஒன்று எழுதி, அதன் பின்னால் நூறு சுழியம் போடுங்கள். அதுதான் கூகோல், மொத்தம் 101 இலக்கம். பெயரைக் கேட்டதும் கூகுள் நினைவுக்கு வந்தால் தப்பில்லை. அந்த நிறுவனத்தின் பெயர் இந்தச் சொல்லைச் சற்றே மாற்றி எழுதிய வடிவம்தான்.

கணிதச் சொல்லாயிற்றே, கிரேக்கத்திலோ இலத்தீனிலோ வேர் இருக்கும் என்று தேடினால் ஏமாந்துபோவோம். 1920 வாக்கில் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் காஸ்னர், இந்த எண்ணுக்கு ஒரு பெயர் சொல்லும்படி தன் சகோதரி மகன் மில்டன் சிரோட்டாவைக் கேட்டார். ஒன்பது வயதுப் பையன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். 1940இல் காஸ்னரும் ஜேம்ஸ் நியூமனும் எழுதிய நூல் வழியே அது உலகம் முழுக்கப் பரவியது. 'கூகோல்பிளெக்ஸ்' என்பதும் அவன் சொன்னதே: ஒன்று போட்டு, கை ஓயும்வரை சுழியம் எழுத வேண்டுமாம்! ஆளுக்கு ஆள் கை ஓயும் நேரம் மாறுமே என்று காஸ்னர் அதைத் திருத்தி, ஒன்றுக்குப் பின் ஒரு கூகோல் சுழியம் என்று வரையறுத்தார்.

கூகோல் எவ்வளவு பெரியது? நாம் காணக்கூடிய அண்டத்திலுள்ள அணுக்களே ஏறத்தாழ 1க்குப் பின் 80 சுழியம்தான். ஆனால் ஒரு கல்யாணப் பந்தி போதும், கூகோலைத் தாண்டிவிடலாம். 70 பேரை ஒரே வரிசையில் மாற்றி மாற்றி உட்காரவைக்கும் வழிகள் கிட்டத்தட்ட 1.2 கூகோல். ஒருவர் எழுந்து போனால் அது எழுபதில் ஒரு பங்காகிவிடும்.

இத்தனை பெரிய எண்ணுக்குப் பகா எண் காரணிகள் இரண்டும் ஐந்தும் மட்டுமே, ஒவ்வொன்றும் நூறு முறை. இரண்டையும் ஐந்தையும் ஒருமுறைகூட எடுக்காமல் விடுவது முதல் நூறு முறை எடுப்பது வரை தலா 101 வகை உண்டு; அதனால் வகுத்திகள் (கூகோலை மீதியின்றி வகுக்கும் எண்கள்) 101 × 101, அதாவது 10,201. ஏழால் வகுத்தால் மீதி 4. இன்று திங்கள் என்றால் கூகோல் நாள் கழித்து வெள்ளிக்கிழமை!

சரி, தமிழில் என்ன சொல்வது? பேரெண்களுக்கு நம்மிடம் பெயர்ப் பஞ்சம் கிடையாது. நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பரிபாடல் அடுக்குகிறது. ஆனால் இவற்றுக்கு எத்தனை சுழியம் என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபாடு. அவற்றில் ஒன்றை எடுத்து கூகோலுக்குச் சூட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். வேரே இல்லாத சொல்லுக்கு வேர்வழி மொழிபெயர்ப்பும் முடியாது. பெயராகச் சொல்லும்போது 'கூகோல்' என்றே வைத்துக்கொள்ளலாம், பொருள் விளங்க 'பத்தின் நூறாம் அடுக்கு' என்று எழுதலாம் என்பது என் கருத்து. கூகோல்பிளெக்சுக்கும் அதே வழிதான்: பத்தின் கூகோலாம் அடுக்கு.